இரு விழி தந்த விந்தை: சர் சார்லஸ் வீட்ஸ்டன்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

இயற்பியல் பயிலும் மாணவர் எவரும் வீட்ஸ்டன் என்னும் பெயரைக் கேளாதிருக்க முடியாது. நான்கு மின்தடைகளை இணைத்து, நடுவே ஒரு கால்வனாமீட்டரை வைத்து, அதன் முள் அசையாது நிற்கும் இடத்தைத் தேடித் தேடி நம் கண்கள் பூத்துப்போன நாட்கள் எத்தனை! அந்தச் சமனச்சுற்று அவர் பெயரால் வழங்குகிறது. ஆனால் அதை முதலில் அமைத்தவர் அவரல்லர். அவர் உண்மையிலேயே படைத்த ஒரு விந்தைக் கருவியோ வேறொருவர் பெயரைத் தாங்கி வீடு வீடாகச் சென்றது. இவ்விரண்டும் நம்மில் பலர் அறியாத செய்திகள்.

அக்கருவிக்கு ஸ்டீரியோஸ்கோப் என்று பெயர். விக்டோரியா அரசியார் காலத்து இங்கிலாந்தில் வானொலி இல்லை, திரைப்படம் இல்லை. மாலை வேளைகளில் விளக்கருகே குடும்பமாகக் கூடி அமர்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் கண்ணில் வைத்துப் பார்த்து மகிழ்ந்த பெட்டி அது. தட்டையான இரண்டு நிழற்படங்கள் அதனுள் ஒன்றாகிக் கலந்து, கல்லும் மரமும் மனிதரும் திரண்டு உருண்டு கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும். அந்தப் பெட்டிக்குப் பின்னால், மேடை ஏறிப் பேச அஞ்சிய ஒரு மனிதரின் வாழ்வு இருக்கிறது.

சார்லஸ் வீட்ஸ்டன் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6-ஆம் நாள் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரை அடுத்த பார்ன்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இசைத் தொழிலை நம்பிப் பிழைத்தவர். மகனுக்கு நான்கு வயதானபோது குடும்பம் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தந்தையார் புல்லாங்குழல் கற்பிக்கும் ஆசிரியரானார். சார்லஸ் இளமையிலேயே கூச்சம் மிக்க பிள்ளை. பள்ளியில் படித்தாரேயன்றிப் பல்கலைக்கழகத்தின் வாசற்படியை அவர் மாணவராக மிதித்ததில்லை. பதினான்கு வயதளவில், ஸ்ட்ராண்ட் தெருவில் இசைக்கருவிகள் செய்து விற்றுவந்த தம் தந்தையின் உடன்பிறந்தாரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார். கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் பேசி விற்கும் வேலை அவருக்குச் சிறிதும் ஒட்டவில்லை. கிடைத்த நேரமெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் கழிந்தது.

அந்நாளைய நிகழ்ச்சி ஒன்றை அவர் வரலாற்றை எழுதியவர்கள் விரும்பிச் சொல்வார்கள். வோல்டாவின் மின்சார ஆய்வுகளைப் பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்று பழைய புத்தகக் கடையில் அவர் கண்ணில் பட்டது. கையில் காசில்லை. காசு காசாகச் சேர்த்து அதை வாங்கினார். வாங்கிய பிறகு அகராதி வேண்டியிருந்தது. மறுபடியும் சேமித்து அதையும் வாங்கினார். பிறகு தம்பி வில்லியத்தோடு சேர்ந்து, வீட்டில் பாத்திரம் கழுவும் அறையில் மின்கலம் ஒன்றை அமைக்க முற்பட்டார். அதற்குச் செம்புத் தகடுகள் வேண்டும். சேமிப்போ மிஞ்சியிருந்த சில செப்புக் காசுகள்தாம். தகடு வாங்கப் போதாத அந்தக் காசுகளையே தகடுகளாக அடுக்கி மின்கலம் செய்துவிட்டார்கள்! எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே இந்தக் கதையை முதலில் படித்தபோது, ஏதோ தெரிந்த வீட்டுக் கதையைப் படிப்பது போலவே எனக்கு இருந்தது.

1821-ஆம் ஆண்டில் பத்தொன்பது வயது இளைஞரான வீட்ஸ்டன் இலண்டன் மக்களை ஒரு வேடிக்கையால் வியக்க வைத்தார். கடையின் கூரையிலிருந்து மெல்லிய கம்பி ஒன்றில் ஒரு யாழ் தொங்கியது. அதை யாரும் தொடவில்லை; ஆனால் அதிலிருந்து பியானோவின் ஒலியும் பிற கருவிகளின் ஒலியும் எழுந்தன. மந்திர யாழ் என்று பெயரிட்டு அதைக் காட்சிக்கு வைத்தார். மந்திரம் ஒன்றுமில்லை. மேல்மாடி அறையில் உண்மையான கருவிகளைச் சிலர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றின் அதிர்வு கம்பி வழியே இறங்கி யாழின் மரப்பலகையை அதிரச் செய்தது. ஒலி திடப்பொருளின் வழியே வெகுதூரம் செல்லும் என்பதற்கு இதைவிட இனிய செய்முறை வேறு வேண்டுமா? மேடையில் நின்று இதை விளக்கச் சொன்னால் அவர் நா எழாது. ஆனால் ஒரு கருவியைச் செய்து மாட்டிவிட்டால் போதும். அது அவருக்காகப் பேசும். அவருடைய வாழ்நாள் முழுதும் இப்படியே கழிந்தது எனலாம்.

1823-இல் உறவினர் இறந்தபின் அண்ணனும் தம்பியும் கடையை ஏற்று நடத்தினர். ஒலி அதிர்வுகளை ஒளிப்புள்ளியின் ஓட்டமாகக் கண்ணுக்குக் காட்டும் கலைடோபோன் என்ற கருவியை 1827-இல் வெளியிட்டார். மெல்லொலியைக் கேட்க உதவும் ஒரு சாதனத்துக்கு மைக்ரோபோன் என்ற சொல்லை ஆக்கி வழங்கியவரும் அவரே. இன்றைய ஒலிவாங்கி பிறப்பதற்கு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னர்! கையில் பிடித்து விரித்து மடக்கி வாசிக்கும் கன்செர்ட்டினா என்னும் துருத்தி இசைக்கருவியும் அவர் கடையில் பிறந்ததுதான்.

கடைக்காரர் பேராசிரியரானது 1834-இல். இலண்டன் கிங்ஸ் கல்லூரி அவரைச் செய்முறை இயற்பியல் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. பட்டம் இல்லாதவர், ஆயினும் அதே ஆண்டில் அவர் செய்த ஒரு சோதனை ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டது. ஏறத்தாழ அரை மைல் நீளமுள்ள கம்பியில் மின்சாரத்தைச் செலுத்தி, கம்பியின் முனைகளிலும் நடுவிலும் தோன்றும் தீப்பொறிகளை, கடுவேகத்தில் சுழலும் சிறு கண்ணாடி ஒன்றில் பார்த்தார். நடுப்பொறி சற்றுப் பின்தங்கி வந்தது. அந்தச் சிறு பிந்துதலைக்கொண்டு மின்சாரத்தின் வேகம் வினாடிக்கு 288,000 மைல் என்று கணக்கிட்டார். இது ஒளியின் வேகத்தையும் மிஞ்சிய எண், எனவே சரியன்று. ஆனால் சுழலும் கண்ணாடி என்ற உத்தி வீண்போகவில்லை. பிற்காலத்தில் பிரான்சு நாட்டின் பூக்கோ ஒளியின் வேகத்தை அளந்தது அந்த உத்தியைக் கொண்டே.

பேராசிரியர் என்றால் வகுப்பில் பேச வேண்டுமே! 1835-இல் ஒலியைப் பற்றிச் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அதன்பின் கல்லூரியில் பேசுவதையே நிறுத்திக்கொண்டார். பதவியோ இறுதிவரை அவரிடமே இருந்தது. நண்பர் ஒருவரோடு தனித்திருக்கும்போது மடை திறந்தாற்போல் பேசுவார் என்றும், அவையைக் கண்டால் வாயடைத்துப் போவார் என்றும் பழகியவர்கள் எழுதியிருக்கிறார்கள். கருத்தரங்கில் நம் பெயரை அழைத்ததும் தொண்டை வறண்டு போகும் அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு! வீட்ஸ்டனுக்கு ஒரு நல்லூழ் இருந்தது. அவருடைய நண்பர் மைக்கேல் பாரடே. புத்தகம் கட்டும் தொழிலிலிருந்து உயர்ந்த அந்தப் பெருமகனார், வீட்ஸ்டனின் ஆய்வுகளை இராயல் நிறுவனத்தின் மேடையில் பலமுறை தாமே எடுத்துரைத்தார். ஒரு நாள் பேசவேண்டிய வீட்ஸ்டன் கடைசி நொடியில் படியிறங்கி ஓடிவிட்டார் என்றும், பாரடே திடீரென மேடையேறிச் சமாளித்தார் என்றும் ஒரு கதை உண்டு. ஆராய்ந்தவர்கள் அதை முழுதும் நம்புவதில்லை. ஆனால் அப்படி ஒரு கதை முளைக்கும் அளவுக்கு அவருடைய கூச்சம் ஊரறிந்ததாக இருந்தது.

இனி நம் கருவிக்கு வருவோம்.

நண்பர்களே, கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தி, சுவரில் தொங்கும் நாட்காட்டிக்கு நேரே பிடியுங்கள். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் மட்டும் பாருங்கள். பிறகு இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். விரல் இடம்விட்டு இடம் தாவும். நம் இரு விழிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் தூரம் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கண்ணும் உலகைச் சற்றே வேறு கோணத்திலிருந்து பார்க்கிறது. இரண்டு கண்களில் விழும் படங்கள் இரண்டும் ஒன்றல்ல. இது பண்டைய கிரேக்கர் காலத்திலிருந்தே தெரிந்த செய்திதான். லியனார்டோ டாவின்சியும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அந்த வேறுபாட்டை எல்லாரும் ஓர் இடையூறாகவே கருதினார்கள். இரண்டு வேறுபட்ட படங்கள் இருந்தும் உலகம் ஏன் இரண்டாகத் தெரியவில்லை என்றுதான் அவர்கள் கேட்டார்கள். வீட்ஸ்டன் கேள்வியைத் திருப்பிப் போட்டார். அந்த வேறுபாட்டைக்கொண்டுதான் மூளை ஒரு பொருளின் ஆழத்தையும் திரட்சியையும் அறிகிறதோ என்று எண்ணினார்.

எண்ணியதோடு நில்லாமல் சோதிக்கவும் ஒரு வழி கண்டார். ஒரு பொருளை இடக்கண் பார்ப்பதுபோல் ஒரு படமும், வலக்கண் பார்ப்பதுபோல் இன்னொரு படமும் வரைந்து, அந்தந்தப் படத்தை அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் காட்டினால் என்ன ஆகும்? தம் எண்ணம் சரியானால், முன்னால் பொருளே இல்லாவிட்டாலும் பொருள் தெரிய வேண்டும்! இதற்காக 1832-இன் இறுதியில் இலண்டனைச் சேர்ந்த நியூமன் என்ற கண்ணாடிக் கருவி வினைஞரைக்கொண்டு ஒரு கருவி செய்வித்தார்.

கருவி மிக எளிது. இரண்டு சமதள ஆடிகளைச் செங்கோணத்தில் முதுகோடு முதுகு சாய்ந்தாற்போல் நிறுத்த வேண்டும். அவை கூடும் விளிம்பில் மூக்கை வைத்துக்கொண்டால் இடக்கண்ணுக்கு இடப்பக்க ஆடியும், வலக்கண்ணுக்கு வலப்பக்க ஆடியும் மட்டுமே தெரியும். இரு பக்கத்திலும் பலகைகளில் படங்கள் எதிரெதிரே மாட்டப்பட்டிருக்கும். ஆடியில் இடம் வலம் மாறித் தோன்றுமாதலால் படங்களையும் அதற்கேற்ப மாற்றி வரைய வேண்டும். ஆடிகளில் தெரியும் இரு பிம்பங்களும் நேர் எதிரே ஒரே இடத்தில் வந்து பொருந்தும். பொருந்திய அந்த நொடியில் தாளும் கோடும் மறைந்து, கனசதுரம் ஒன்று வெட்டவெளியில் மிதந்து நிற்கும்!

இதில் வீட்ஸ்டனின் நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். அவர் நிழல் தீட்டிய ஓவியங்களைப் பயன்படுத்தவில்லை. வெறும் கோட்டுப் படங்களை மட்டுமே வைத்தார். நிழல், வண்ணம், தெரிந்த உருவம் ஆகியவை இருந்தால், அவற்றைக்கொண்டே மூளை ஆழத்தை ஊகித்துவிட்டது என்று எவரேனும் மறுத்துக் கூறலாம். கோடுகளில் அந்த வாய்ப்பே இல்லை. எஞ்சியிருப்பது இரு படங்களுக்கும் இடையேயுள்ள சிறு வேறுபாடு ஒன்றே. ஆகவே ஆழம் என்னும் உணர்வைத் தருவது அதுவே என்று ஐயமற நிலைநாட்டினார். செய்முறைத் தேர்வில் பிற காரணிகளை மாறாமல் வைத்து ஒன்றை மட்டும் மாற்றிப் பார் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்களே, அதற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

1833-இல் வெளிவந்த மருத்துவர் ஹெர்பர்ட் மேயோவின் உடலியல் நூலில் இந்தக் கண்டுபிடிப்பைப் பற்றிய குறிப்பு வந்துவிட்டது. ஆனால் வீட்ஸ்டன் தம் கட்டுரையை எழுதி முடிக்க மேலும் ஐந்தாண்டுகள் எடுத்துக்கொண்டார். அவருக்குக் கைவேலைதான் விருப்பம். எழுத்து வேலை எப்போதும் பின்தங்கும். 1838-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் அக்கட்டுரை இராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அதே ஆண்டு நியூகாசில் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் மாநாட்டில் கருவியையே கொண்டுபோய்க் காட்டினார். அங்கே அதைக் கண்டு பாராட்டியவர்களுள் ஒருவர் சர் டேவிட் புருஸ்டர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறு ஆண்டு, 1839-இல், நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. பிரான்சில் டாகர், இங்கிலாந்தில் டால்பட். ஸ்டீரியோஸ்கோப் நிழற்படத்துக்காகப் பிறந்ததென்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் கருவி பிறந்து சில ஆண்டுகள் கழித்தே அதற்குரிய படம் பிறந்தது! கனசதுரத்தை இரு கோணத்தில் கையால் வரையலாம். ஒரு மரத்தையோ மனித முகத்தையோ இலை பிசகாமல், மயிர் பிசகாமல் இரு கோணத்தில் வரைய எந்த ஓவியரால் முடியும்? ஒளியே வரைந்தால் முடியும். வீட்ஸ்டன் உடனே டால்பட்டை அணுகினார். முதலில் வந்த படங்களில் இரு நிலைகளுக்கும் இடையேயுள்ள கோணம் அளவுக்கு மிஞ்சியிருந்தது, குறைக்கும்படி எழுதினார். ஹென்றி காலன் என்ற ஓவியர் 1841-இல் கணிப்பொறியின் முன்னோடியான சார்லஸ் பாபேஜை இவ்வாறு இரு கோணத்தில் படமெடுத்தார். இருப்பினும் கருவி அறிஞர்களின் மேசையைவிட்டு இறங்கவில்லை. பருமனாயிருந்தது, டாகர் முறைத் தகடுகளின் பளபளப்பு ஆடியில் கண்ணைக் கூசச் செய்தது. அதைச் சிறிதாக்கி மலிவாக்கி மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணம் வீட்ஸ்டனுக்கு அப்போது தோன்றவில்லை. அவர் கவனம் முழுவதும் வேறிடத்தில் இருந்தது.

அந்த வேறிடம் தந்தி. இதை விரித்தால் தனிக் கட்டுரையாகிவிடும். இந்தியப் படையில் ஐந்தாண்டு பணிபுரிந்து திரும்பிய வில்லியம் குக் என்பவரோடு கூட்டுச் சேர்ந்து, 1837-இல் காந்த முட்களால் எழுத்துகளைச் சுட்டும் மின்தந்திக்கு உரிமம் பெற்றார். ஈஸ்டன் நிலையத்துக்கும் கேம்டன் டவுனுக்கும் இடையே அது முதலில் இயங்கிக் காட்டியது. 1845-இல் கொலை செய்துவிட்டு இரயிலேறித் தப்பிய ஒருவனை அந்தத் தந்தி முந்திச் சென்று பிடித்துக் கொடுத்தது. அதன்பின் இங்கிலாந்தில் தந்தியை அறியாதார் இல்லை. ஆனால் கூட்டாளிகளுக்குள் இது யாருடைய படைப்பு என்ற பூசல் எழுந்தது. 1841-இல் இருவர் நடுவர்களாக இருந்து, நடைமுறைக்குக் கொண்டுவந்த பெருமை குக்குக்கும், அறிவியல் அடிப்படை அமைத்த பெருமை வீட்ஸ்டனுக்கும் உரியது என்று பிரித்துக் கொடுத்தார்கள். பூசல் அதோடும் அடங்கவில்லை. இந்த இடத்தில் வீட்ஸ்டன் முழுதும் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். கூட்டு முயற்சியில் தம் பங்கைச் சற்றுக் கூடுதலாகவே எண்ணிக்கொண்டார் என்றுதான் தோன்றுகிறது.

அதனால்தான் 1843-இல் நடந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. மின்தடையை அளக்கும் முறைகளைப் பற்றி அந்த ஆண்டில் அவர் எழுதிய கட்டுரையில்தான் நம் சமனச்சுற்று இடம்பெற்றது. பத்தாண்டுகளுக்கு முன், 1833-இல், வுல்விச் இராணுவப் பயிலகத்து ஆசிரியர் சாமுவேல் ஹன்ட்டர் கிறிஸ்டி இந்த அமைப்பை வெளியிட்டிருந்தார். யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்ஸ்டன் அதன் அருமையை உணர்ந்தார். பயன்படுத்தும் வழிகளைப் பெருக்கினார். முதல் எண்ணம் கிறிஸ்டியுடையதே என்று அக்கட்டுரையிலேயே எழுதியும் வைத்தார். உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் வேண்டாமென்று சொன்ன பெயர் அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது.

இப்போது புருஸ்டருக்கு வருவோம். ஒளியின் தளவிளைவுப் பாடத்தில் வரும் புருஸ்டர் விதிக்கு உரியவர் இவரே. வண்ணக் கண்ணாடித் துண்டுகள் கோலம் கோலமாய் மாறும் கலைடாஸ்கோப்பைப் படைத்தவரும் இவரே. அதற்கு 1817-இல் உரிமம் பெற்றும், ஊரெல்லாம் திருட்டுத்தனமாகச் செய்து விற்றதால் அவருக்குக் கிடைத்த வருவாய் சொற்பம். தம் கண்டுபிடிப்பைப் பிறர் பறித்துக்கொண்டால் நெஞ்சு எப்படி எரியும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் யார்?

1849-இல் புருஸ்டர் ஸ்டீரியோஸ்கோப்புக்குப் புதிய உருவம் கொடுத்தார். ஆடிகளை நீக்கிவிட்டு வில்லைகளை வைத்தார். ஒரே வில்லையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஒரு கண்ணுக்கும் மறுபாதியை மறு கண்ணுக்குமாகப் பொருத்தினார். அதனால் இரண்டின் திறனும் இம்மியும் பிசகாமல் ஒன்றாயிருந்தது. அரை வில்லை பட்டகம்போல் ஒளியை வளைக்கவும் செய்யும். பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்ட இரு சிறு படங்களும் நடுவே வந்து ஒன்றாகும். கையில் அடங்கும் பெட்டி. மேலே ஒளி நுழைய ஒரு கதவு. இது மறுக்க முடியாத நல்ல வேலை. இங்கிலாந்தின் கருவி வணிகர்கள் இதைப் பொருட்படுத்தாததால் புருஸ்டர் அதைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். அங்கே டுபோஸ்க் என்ற கருவி வினைஞர் அதை அழகுறச் செய்து, 1851-இல் இலண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் வைத்தார். விக்டோரியா அரசியார் அதில் கண் வைத்துப் பார்த்து மகிழ்ந்தார். அவ்வளவுதான்! மூன்றே மாதங்களில் இரண்டரை இலட்சம் கருவிகள் விற்றன என்று நூல்கள் கூறுகின்றன. 1854-இல் இதற்கென்றே இலண்டனில் ஒரு நிறுவனம் தோன்றியது. நான்கே ஆண்டுகளில் அதன் பட்டியலில் ஓர் இலட்சம் காட்சிகள் இருந்தன. எகிப்தின் பிரமிடுகளும், ஆல்ப்ஸ் மலையின் பனியும் நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் என்ற படைத்தலைவர், 1858-இல் மதுரை, தஞ்சை, திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைச் சாதாரணப் படங்களாக மட்டுமன்றி இந்த இரட்டைப் படங்களாகவும் எடுத்தார். நம் கோயில் மண்டபத் தூண்கள் அப்போதே அந்தப் பெட்டிக்குள் வரிசையாக எழுந்து நின்றன என்று எண்ணும்போது வியப்பாக இருக்கிறது.

இதற்கெல்லாம் மூலவர் யார் என்ற கேள்வி எழுந்தது. வில்லைப் பெட்டி என்னுடையது என்று புருஸ்டர் சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவர் அதோடு நிற்கவில்லை. 1856-இல் ஸ்டீரியோஸ்கோப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, இரு கண் பார்வையைப் பற்றி வீட்ஸ்டன் புதிதாக எதையும் சொல்லவில்லை, முன்னோர்க்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று வாதிட்டார். எடின்பரோவைச் சேர்ந்த எலியட் என்ற ஆசிரியர் 1834-இலேயே இத்தகைய கருவியை எண்ணினார் என்றும் எடுத்துக்காட்டினார். அந்த ஆண்டே இலண்டன் டைம்ஸ் நாளிதழில் கடிதப் போர் மூண்டது. மேடையில் வாய் திறவாத வீட்ஸ்டன் இம்முறை பேனாவை எடுத்தார். எலியட் எண்ணியதாகச் சொல்லும் ஆண்டுக்கு முன்னரே தம் கருவி செய்யப்பட்டதையும், அதைப் பற்றி 1833-இல் அச்சில் வந்த குறிப்பையும் எடுத்துக்காட்டினார். எலியட்டின் கருவியோ 1839-இல்தான் செய்யப்பட்டது. சான்று யார் பக்கம் என்பதில் ஐயமில்லை.

புருஸ்டர் அப்போதும் விடவில்லை. பிரான்சின் லீல் நகர அருங்காட்சியகத்தில், கிமெந்தி என்ற பழைய இத்தாலிய ஓவியர் ஓர் இளைஞனை அடுத்தடுத்து இருமுறை வரைந்த படங்கள் கிடைத்தன. இவை இரண்டரை நூற்றாண்டுக்கு முந்தைய ஸ்டீரியோஸ்கோப் படங்களே என்று அவர் முழங்கினார். கோடு கோடாக அளந்து பார்த்தபோது, இரு படங்களின் வேறுபாடுகளில் எந்த ஒழுங்கும் இல்லை. ஓர் ஓவியர் ஒரே படத்தைத் திரும்ப வரைந்தால் இயல்பாக நேரும் பிசகுகளே அவை. கலைடாஸ்கோப்பை இழந்து நொந்த மனிதர், பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் தாமே கண்டு பாராட்டிய ஒருவரின் உழைப்பை மறுக்க இத்தனை தூரம் போனார் என்பதே இந்த வரலாற்றில் என் மனத்தை உறுத்தும் பகுதி. அறிஞர்கள் வீட்ஸ்டன் பக்கம் நின்றார்கள். இராயல் சொசைட்டி 1840-இலேயே அவருக்குப் பதக்கம் வழங்கியிருந்தது. ஆனால் கடைத்தெருவில் அது புருஸ்டர் ஸ்டீரியோஸ்கோப் என்றே வழங்கியது. பிறகு அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1861-இல் கைப்பிடியோடு கூடிய திறந்த கருவி ஒன்றை அமைத்து, உரிமம் எதுவும் பெறாமல் எல்லாரும் செய்துகொள்ள விட்டுவிட்டார். இன்று பழம்பொருள் கடைகளில் மிகுதியாகக் காணக் கிடைப்பது அதுதான். அதற்கும் ஹோம்ஸ் கருவி என்றே பெயர்.

வீட்ஸ்டனின் கையைவிட்டுப் போன பெயர் இது ஒன்று மட்டுமன்று. 1854-இல் எழுத்துகளை இரண்டிரண்டாகச் சேர்த்து மாற்றியெழுதும் மறைமொழி முறை ஒன்றை அவர் வகுத்தார். அவருடைய நண்பர் பிளேபேர் அதைப் பெரிய இடங்களிலெல்லாம் எடுத்துப் பேசினார். வெளியுறவு அலுவலகத்தாரோ இது மிகவும் சிக்கலானது என்று தள்ளினர். அருகிலுள்ள தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால் மணி நேரத்தில் கற்றுத் தருகிறேன் என்றாராம் வீட்ஸ்டன். பிள்ளைகளுக்குக் கற்றுத் தரலாம், எங்கள் தூதரக அலுவலர்களுக்கு முடியாது என்று விடை வந்ததாம்! பின்னாளில் பிரிட்டிஷ் படைகள் போர்க்களங்களில் அதைப் பயன்படுத்தின. பெயர் மட்டும் பிளேபேர் மறைமொழி என்று நிலைத்துவிட்டது.

இரு கண் பார்வை பற்றிய ஆய்வை அவர் விட்டுவிடவில்லை. 1852-இல் அதன் இரண்டாம் பகுதியை வெளியிட்டார். அதில் வரும் சூடோஸ்கோப் என்னும் கருவி பட்டகங்களைக்கொண்டு, இடக்கண் காணவேண்டியதை வலக்கண்ணுக்கும், வலக்கண் காணவேண்டியதை இடக்கண்ணுக்கும் மாற்றிக் காட்டும். அதன் வழியே பார்த்தால் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். உருண்டையான பூகோள மாதிரி குழிந்த கிண்ணமாகத் தெரியும். மூளை இரு படங்களின் வேறுபாட்டை எவ்வளவு நம்பியிருக்கிறது என்பதை இது மறுபக்கத்திலிருந்து மெய்ப்பித்தது.

நாற்பத்தைந்து வயதில், 1847-இல், எம்மா வெஸ்ட் என்ற அம்மையாரை மணந்தார். ஐந்து மக்கள் பிறந்தனர். மனைவியார் அவருக்கு முன்பே காலமானார். 1868-இல் சர் பட்டம் கிடைத்தது. புருஸ்டர் மறைந்ததும் அதே ஆண்டில்தான். இறுதிவரை தந்திக் கருவிகளைச் செப்பம் செய்துகொண்டேயிருந்தார். கடலடித் தந்திக்கான கருவி ஒன்றின் பொருட்டுப் பாரிசில் தங்கியிருந்தபோது நெஞ்சுச்சளியால் நோயுற்று, 1875-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19-ஆம் நாள் அங்கேயே உயிர் நீத்தார். உடலை இலண்டனுக்குக் கொண்டுவந்து கென்சல் கிரீன் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். தம் நூல்களையும் கருவிகளையும் தாம் பேசாத அந்தக் கிங்ஸ் கல்லூரிக்கே எழுதி வைத்திருந்தார்.

கூடத்துப் பெட்டிகளின் காலம் திரைப்படமும் வானொலியும் பரவியதும் முடிந்தது. ஆனால் அவற்றுக்கு முன்பே ஒதுக்கப்பட்ட ஆடிக் கருவி மீண்டும் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் விமானத்திலிருந்து நிலத்தைப் படமெடுத்து வரைபடம் தயாரிக்கத் தொடங்கினார்கள். அப்படங்கள் பெரியவை; வில்லைப் பெட்டியில் அடங்காதவை. ஆடிகளை வைத்துத்தான் அவற்றை முழுமையாகப் பார்க்க முடியும். இரண்டு ஆடிகளுக்கு மாறாக நான்கு வைத்து அமைத்தார்கள். புவியியல் துறை உள்ள கல்லூரிகளில் இன்றும் அதைக் காணலாம்: நான்கு கால்களில் நிற்கும் ஒரு கருவி, இருபுறமும் சாய்ந்த பெரிய ஆடிகள், அடியில் பக்கம் பக்கமாக இரண்டு வான்வழிப் படங்கள். படங்களை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால், ஓரிடத்தில் இரண்டும் பொருந்தி, தட்டையாய்க் கிடந்த தாளிலிருந்து குன்றுகள் எழும்; ஆறு தன் பள்ளத்துக்குள் இறங்கும்.